மலையைக் குடைந்த வழிகள்: இடுக்கி, பாலக்காடு எல்லைச் சுரங்கங்கள் உணர்த்தும் பொருளாதாரம்

நிலத்தின் மேல் எழுப்பப்படும் அணையையும் பாலத்தையும் மக்கள் கண்ணால் காண்கின்றனர். நிலத்தின் அடியில் குடையப்படும் சுரங்கம் பெரும்பாலோர் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆயினும், கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களும் தமிழ்நாட்டின் தேனி, கோயம்புத்தூர் மாவட்டங்களும் சந்திக்கும் மலைப்பகுதியில் நூற்று முப்பது ஆண்டுகளாக வேளாண்மையையும் மின்சாரத்தையும் இரு மாநிலங்களின் உறவையும் பெரிதும் தீர்மானித்து வருபவை இத்தகைய சுரங்கங்களே. பெருநகரங்களில் ஆழ்நிலத்தடி மெட்ரோ இருப்புப்பாதைகள் பெருகிவரும் இக்காலத்தில், சுரங்கம் என்னும் முதலீட்டின் இயல்பை அறிந்துகொள்ள இம்மலைப்பகுதியின் அனுபவம் பெரிதும் துணைபுரியும்.

இயற்கை வைத்த ஏற்றத்தாழ்வு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பொழிகிறது. அங்கே பிறக்கும் ஆறுகள் குறுகிய தொலைவு ஓடி அரபிக்கடலில் கலக்கின்றன. கிழக்குச் சரிவோ மழை மறைவுப் பகுதி. கம்பம் பள்ளத்தாக்கு, மதுரைச் சமவெளி, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, தாராபுரம், காங்கேயம் ஆகிய இடங்களில் நல்ல நிலமும் உழைக்கும் மக்களும் இருந்தும் நீர் போதவில்லை. நீர் மிகுந்த சரிவுக்கும் நிலம் மிகுந்த சரிவுக்கும் இடையே மலைமுகடு நிற்கிறது. அம்முகட்டின் மேல் நீரை ஏற்றுவதற்குப் பெருமளவு ஆற்றல் வேண்டும். முகட்டைக் குடைந்துவிட்டாலோ நீர் தன் எடையாலேயே மறுபுறம் சென்றுவிடும். தோண்டுவதற்கு ஒருமுறை பெருஞ்செலவு. அதன்பின் பராமரிப்பு நீங்கலாக நீரைக் கடத்தச் செலவு ஏதுமில்லை. சுரங்கத்தின் பொருளாதாரம் முழுவதும் இவ்வொரு கூற்றில் அடங்கியுள்ளது எனலாம்.

பெரியாற்றுச் சுரங்கம்

இவ்வகையில் முதலாவது பெரு முயற்சி பெரியாறு திட்டமாகும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் இத்திட்டத்தின் தேவையை உறுதிப்படுத்தியது. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை என வரையறுக்கப்பட்டது. பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் பொறுப்பில் 1887இல் பணி தொடங்கியது. 1895 அக்டோபரில் அணை திறந்துவைக்கப்பட்டது. அடர்ந்த காட்டில் வெள்ளத்துக்கும் மலேரியாவுக்கும் பலியான தொழிலாளர் பலர்.

அணை பெரியாற்றின் நீரைத் தேக்குகிறது. ஆயினும் தேங்கிய நீரைக் கிழக்கே கொண்டுவருவது, தேக்கடிப் பக்கத்தில் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கமே. இச்சுரங்கம் அமைந்த மட்டம் மிக முக்கியமானது. நீர்த்தேக்கத்தில் 104 அடிக்குக் கீழ் உள்ள நீரைச் சுரங்க வழியே எடுக்க இயலாது. ஆகவே அணையில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைவிட, அந்த 104 அடிக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பதே கிழக்குச் சமவெளியின் உழவருக்குப் பொருள் உடையது.

சுரங்கத்தைக் கடந்து மலையடிவாரத்துக்கு இறங்கும் நீரின் விசையும் பின்னர் வீணாக விடப்படவில்லை. 1950களின் இறுதியில் கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதே நீர் முதலில் மின்சாரமாகவும், பின்னர் கம்பம் பள்ளத்தாக்கில் இரு போக நெல்லாகவும், அதன்பின் 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் வழியே மதுரை வரை பாசனமாகவும் குடிநீராகவும் மும்முறை பயன்படுகிறது. 1970ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தங்கள் வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தியதுடன், மின் உற்பத்திக்கெனக் கேரளத்துக்குத் தனிக் கட்டணமும் வழங்க வகை செய்தன.

பரம்பிக்குளம் - ஆழியாறு: தொடராக அமைந்த சுரங்கங்கள்

பாலக்காடு எல்லையில் அமைந்த பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் வேறு வகையானது. பெரியாற்றில் ஓர் அணை, ஒரு சுரங்கம்; இங்கோ பல அணைகளும் பல சுரங்கங்களும் படிக்கட்டுப் போல அமைந்துள்ளன. ஆனைமலையில் மேற்கு நோக்கிப் பாயும் ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய ஆறு ஆறுகளையும் சமவெளியின் ஆழியாறு, பாலாறு ஆகிய இரண்டையும் இணைப்பது திட்டத்தின் நோக்கம். 1961இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு இதற்கு அடிக்கல் நாட்டினார். எட்டில் ஆனைமலையாறு மட்டும் இன்னும் இணைக்கப்படவில்லை.

நீராற்றின் நீர் சுரங்க வழியே சோலையாற்று நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து மின் நிலையத்தின் வழியே பரம்பிக்குளத்துக்கு இறங்குகிறது. பரம்பிக்குளத்திலிருந்து மற்றொரு சுரங்கம் தூணக்கடவுக்கும், அங்கிருந்து வேறொரு சுரங்கம் சர்க்கார்பதி மின் நிலையத்துக்கும் நீரைச் செலுத்துகின்றன. சர்க்கார்பதியைக் கடந்த நீர் மலைச்சரிவை ஒட்டி ஓடும் கால்வாய் வழியே திருமூர்த்தி அணையைச் சேர்கிறது. பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து நீர் வழங்கப்படுகிறது.

பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய அணைகள் கேரள மண்ணில் உள்ளன, இயக்குவது தமிழ்நாடு. பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியே செல்ல வேண்டுமாயின் தமிழ்நாட்டின் டாப்சிலிப் வழியாகவே செல்லவேண்டும். அங்கு வாழும் காடர், மலசர், மலை மலசர், முதுவர் ஆகிய பழங்குடியினர் அன்றாடத் தேவைக்கு மற்றொரு மாநிலத்தின் வழியே தம் மாநிலத்தை அடைகின்றனர். வளர்ச்சித் திட்டங்களின் கணக்கேடுகளில் இத்தகைய சுமைகள் இடம் பெறுவது அரிது.

1970 மே 29ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. இதன்படி கேரளத்தின் சோலையாறு நீர்த்தேக்கத்துக்கு ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி. நீரும், மணக்கடவு அணைக்கட்டில் அளவிடப்பட்டுச் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு 7.25 டி.எம்.சி. நீரும் கிடைக்கவேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. செப்டம்பர் 1, பிப்ரவரி 1 ஆகிய இரு நாட்களிலும் கேரளச் சோலையாறு நீர்த்தேக்கம் நிறைந்திருக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசும் உழவர் பலர் வாழ்கின்றனர். எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சியில் உள்ளவரும் அவர்களும் ஒரே நீருக்காகக் காத்திருக்கின்றனர். ஆகவே இதனை மொழிகளுக்கு இடைப்பட்ட பூசலாகக் காண்பது பொருந்தாது. தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே எங்கும் காணப்படும் சிக்கலே இங்கு மாநில எல்லையைத் தாண்டி நிற்கிறது.

மலைக்குள் ஒரு மின் நிலையம்

சுரங்கத் தொழில்நுட்பம் இப்பகுதியில் அடைந்த உச்சம் இடுக்கித் திட்டமாகும். குறவன், குறத்தி என்னும் இரு பாறை மலைகளுக்கு இடையே பெரியாறு பாய்ந்த குறுகிய இடைவெளியை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில், கொலும்பன் என்னும் பழங்குடித் தலைவர் டபிள்யூ.ஜே. ஜான் என்பவருக்குக் காட்டினார். அணை கட்ட ஏற்ற இடம் அது என்பது அவ்வாறே வெளியுலகுக்குத் தெரியவந்தது. கனடாவின் உதவியுடன் கட்டப்பட்ட, ஏறத்தாழ 169 மீட்டர் உயரமுள்ள இடுக்கி வளைவு அணை, செறுதோணி அணை, குளமாவு அணை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே நீர்த்தேக்கத்தை உருவாக்குகின்றன. 1976 பிப்ரவரி 12ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி இம்மின் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

இடுக்கி அணையின் அடியில் மின் நிலையம் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். நீர் குளமாவுப் பகுதியில் சுரங்கத்துக்குள் புகுந்து, மலையின் உள்ளேயே செங்குத்தாக இறங்கி, மூலமற்றத்தில் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட நிலத்தடி மின் நிலையத்தை அடைகிறது. அங்கே 130 மெகாவாட் திறனுள்ள ஆறு இயந்திரங்கள், மொத்தம் 780 மெகாவாட், நிறுவப்பட்டுள்ளன. முதல் மூன்று இயந்திரங்கள் 1976ஆம் ஆண்டிலும், எஞ்சிய மூன்று 1980களின் நடுப்பகுதியிலும் இயங்கத் தொடங்கின.

நீர் இறங்கும் உயரம் ஏறத்தாழ 660 மீட்டர். இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு கன மீட்டர் நீர் 660 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 1.8 யூனிட். குழாய் உராய்விலும் இயந்திரத்திலும் ஏற்படும் இழப்பு நீங்கலாக ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம் கிடைக்கிறது. அதாவது ஒரு டி.எம்.சி. நீரிலிருந்து ஏறத்தாழ நான்கு கோடி யூனிட். இவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீருக்கு ஏற்றது பெல்டன் சக்கரம். கூரிய தாரையாகப் பாயும் நீர், சக்கரத்தின் விளிம்பிலுள்ள கிண்ணங்களில் மோதி அதனைச் சுழற்றுகிறது.

மின் நிலையத்தை மலைக்குள் வைத்ததேன்? செங்குத்தான சரிவில் திறந்தவெளியில் குழாய்களைப் பதித்தால் மண்சரிவு அபாயம் உண்டு. பெருமழைப் பகுதியில் இது புறக்கணிக்கத்தக்க அபாயமன்று. உறுதியான பாறைக்குள் குழாய் செல்லுமாயின், நீரின் பேரழுத்தத்தில் ஒரு பகுதியைப் பாறையே தாங்கிக்கொள்கிறது. எஃகின் தேவை குறைகிறது. நீர் செல்லும் தொலைவும் குறுகுகிறது. இயந்திரத்தைத் திடீரென நிறுத்தினால், நீண்ட சுரங்கத்தில் விரைந்து வரும் நீர் செல்ல வழியின்றிக் குழாயை மோதும். அம்மோதலைத் தணிக்கச் சுரங்கத்தின் முடிவில் மேல்நோக்கி ஒரு பெருங்கிணறு குடையப்படுகிறது. நீர் அதனுள் எழும்பித் தணிகிறது. வீட்டுக் குழாயைச் சட்டென மூடும்போது எழும் ஓசையே இங்கே மாபெரும் அளவில் நிகழ்கிறது என்று கொள்ளலாம்.

இந்நன்மைகளுக்கு விலை உண்டு. மலைக்குள் உள்ள நிலையத்தில் காற்றோட்டம், ஒளி, நீர் வெளியேற்றம், தப்பும் வழி ஆகிய அனைத்தையும் மனிதரே அமைக்கவேண்டும். 2011 ஜூன் மாதம் மூலமற்றம் நிலையத்தில் நேர்ந்த தீ விபத்தில் காயமுற்ற இரு பொறியாளர்கள் உயிரிழந்தனர். நிலத்தடியில் புகையே முதல் எதிரி என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மின்சாரம் ஈந்தபின் நீர் பெரியாற்றுக்குத் திரும்புவதில்லை. அது தொடுபுழை வழியே மூவாற்றுப்புழைப் படுகையைச் சேர்ந்து பாசனத்துக்குப் பயன்படுகிறது. ஆக, பெரியாறு என்னும் ஒரே ஆற்றின் நீரை ஒரு சுரங்கம் கிழக்கேயும் மற்றொரு சுரங்கம் வேறொரு மேற்குப் படுகைக்கும் திருப்புகின்றன. கிழக்கே செல்லும் ஒவ்வொரு டி.எம்.சி. நீரும், அது இடுக்கியில் தேங்கக்கூடிய நீராயின், மூலமற்றத்தில் நான்கு கோடி யூனிட்டின் இழப்பு. இடுக்கிக்கு விடப்படும் ஒவ்வொரு டி.எம்.சி.யும் கிழக்கே பயிரும் குடிநீரும் ஒரு பகுதி மின்சாரமும் இழக்கப்படுவதாகும். ஒன்றைப் பெறுவதற்காகக் கைவிடப்படும் மற்றொன்றின் மதிப்பைப் பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பர். அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தாமதத்தின் விலை

சுரங்கப் பணியில் மதிப்பீடு தவறுவதற்கு முதற் காரணம் பாறையின் இயல்பு முன்கூட்டியே முழுமையாகத் தெரியாமையே. துளையிட்டு எடுக்கும் மாதிரிகள் சில இடங்களின் இயல்பையே காட்டும். இடையில் பிளவுபட்ட பாறையோ நீர் ஊறும் தளர்ந்த மண்ணோ எதிர்ப்பட்டால் வேலை நின்றுவிடும். 1940இல் மின் உற்பத்தி தொடங்கிய மூணாற்றுப் பள்ளிவாசல் நிலையத்தின் 60 மெகாவாட் விரிவாக்கம் 2007இல் தொடங்கப்பட்டது. மின்சாரம் கிடைத்தது 2024இன் இறுதியில்தான். இடைப்பட்ட காலத்தில் ஒப்பந்தச் சிக்கல்களுடன் சுரங்கப் பணியின் இடர்களும் சேர்ந்துகொண்டன. பாலக்காட்டையும் திருச்சூரையும் இணைக்கும் சாலையில் குதிரான் மலையைக் குடைந்த இரட்டைச் சுரங்கங்களுள் முதலாவது, நெடுந்தாமதத்துக்குப் பின் 2021 ஜூலை 31ஆம் நாள் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே.

நூற்றுக்குப் பத்து வட்டியில் 100 கோடி ரூபாய் முதலீடு, பயன் தராமல் ஏழாண்டுகள் முடங்கினால், அதன் சுமை ஏறத்தாழ 195 கோடியாகிவிடுகிறது. ஆகவே தொடக்கத்தில் நில ஆய்வுக்குச் செலவிடத் தயங்குவது சிக்கனமாகாது. பின்னர் வட்டியாகச் செலுத்துவதில் ஒரு சிறு பங்கே முன்னர் ஆய்வுக்குத் தேவைப்படும்.

நகரங்களின் அடியில்

மலைச் சுரங்கத்துக்கும் நகர மெட்ரோவுக்கும் நோக்கம் வேறாயினும் கணக்கு ஒன்றே. மலையில் முகடு தடையாக நிற்பது போல, நகரில் கட்டடங்களும் சாலைகளும் தடையாக நிற்கின்றன. இந்தியாவின் முதல் மெட்ரோவான கொல்கத்தா மெட்ரோவின் பணி 1970களின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. முதற் பகுதி 1984 அக்டோபர் 24ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. பெரும்பகுதியும் சாலையைத் திறந்து தோண்டி, பின் மூடும் முறையில் அமைக்கப்பட்டமையால் நகர மக்கள் பல்லாண்டுகள் இடர்ப்பட்டனர். அதே நகரில் ஹூக்ளி ஆற்றின் அடியே செல்லும் மெட்ரோ 2024 மார்ச் மாதம் திறக்கப்பட்டபோது, ஆழத்தில் இயந்திரம் கொண்டு துளையிடும் முறை நிலைபெற்றிருந்தது.

சென்னை மெட்ரோவின் 45 கிலோமீட்டர் முதற் கட்டத்தில் சுமார் 24 கிலோமீட்டர் நிலத்தடியில் அமைந்தது. முதல் நிலத்தடிப் பகுதி, திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை, 2017 மே 14ஆம் நாள் திறக்கப்பட்டது. மணல், களிமண், கடும்பாறை ஆகியவை சிறிது தொலைவுக்குள் மாறிமாறி வரும் சென்னை நிலம் துளையிடும் இயந்திரங்களுக்குப் பெருஞ்சோதனையாக அமைந்தது. 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபர் 3ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மாறாக, 2017 ஜூனில் தொடங்கிய கொச்சி மெட்ரோ தூண்களின் மேல் செல்கிறது. நிலத்தடிப் பாதைக்கு மேம்பாலப் பாதையைவிடப் பன்மடங்கு செலவாவதால், எங்கே ஆழம் செல்வது, எங்கே மேலே செல்வது என்னும் தேர்வு ஒவ்வொரு நகரிலும் தனித்தனியே ஆராயப்படவேண்டியதாகும்.

உழைப்பவரின் பாதுகாப்பு

பெரியாற்றுக் காட்டில் மலேரியா உயிர் குடித்த காலம் மாறியுள்ளது. எனினும், சுரங்கத் தொழிலாளரின் ஆபத்து மறையவில்லை. பாறைத் தூள் நுரையீரலை அழிக்கும். நீர் தெளித்துத் துளையிடுதலும் காற்றோட்டமும் இதற்குத் தடுப்பு. 2023 நவம்பர் 12ஆம் நாள் உத்தராகண்ட் மாநிலம் சில்க்யாராவில் சாலைச் சுரங்கம் சரிந்து 41 தொழிலாளர் உள்ளே சிக்கினர். 17 நாட்களுக்குப்பின் அனைவரும் மீட்கப்பட்டனர். இயந்திரம் பழுதுற்ற நிலையில் இறுதிச் சில மீட்டர்களைக் கையால் தோண்டி வழி அமைத்தவர்களும் தொழிலாளரே. தப்பும் வழி என்பது செலவுக் கணக்கில் குறைக்கத்தக்க இனமன்று என்பதை ஒவ்வொரு திட்ட அலுவலரும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எஞ்சியுள்ள வினா

பெரியாறு ஒப்பந்தம் 999 ஆண்டுகளுக்கு உரியது. பரம்பிக்குளம் ஒப்பந்தமோ முப்பது ஆண்டுகளுக்குப்பின் மறு ஆய்வுக்கு இடமளிப்பது. நீண்ட காலப் பிணைப்பு முதலீட்டாளருக்கு உறுதி தருகிறது. மாறும் தேவைகளுக்கு இடமளிப்பதில்லை. மறு ஆய்வு இணக்கத்துக்கு வாயில் திறக்கிறது. இருதரப்பும் உடன்படாதவிடத்து முடிவின்றி நீள்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் காண்பதே நீர் நிர்வாகத்தின் கடமை.

முல்லைப் பெரியாறு அணையின் முழுமட்டம் 152 அடி. பாதுகாப்புக் கருதி 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையை வலுப்படுத்தியபின் 142 அடி வரை தேக்க உச்ச நீதிமன்றம் 2006இல் அனுமதித்தது. 2014 மே 7ஆம் நாள் தீர்ப்பில் அதனை உறுதி செய்தது. அணைக்குக் கீழே வாழும் மக்களின் அச்சமும், கிழக்கே நீரை நம்பி வாழும் மக்களின் கவலையும் ஒருசேர மதிக்கத்தக்கவை. இச்சூழலில், நீதிமன்றம் அமைத்த உயர்நிலைக் குழு 2012இல் முன்வைத்த மாற்று வழிகளுள் ஒன்று கருத்தில் கொள்ளத்தக்கது. இப்போதுள்ள 104 அடி மட்டத்துக்குப் பதிலாக 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் ஒன்றைக் குடைவதே அது. தாழ்ந்த மட்டத்தில் வழி இருப்பின், இன்று எட்டாத நீரும் பயன்படும். அவசர காலத்தில் நீர்த்தேக்கத்தை விரைந்து இறக்கவும் இயலும். இம்மாற்று இன்றளவும் செயல்வடிவம் பெறவில்லை.

சுரங்கத்தின் மட்டத்தைக் குறித்த பொறியாளர்கள், அம்மட்டம் நூறாண்டுகளுக்கு மேலாக இரு மாநிலங்களின் உறவை அளக்கும் கோலாகும் என எண்ணியிருக்க இயலாது. சாலையை அகலப்படுத்தலாம், கால்வாயை மாற்றி வெட்டலாம், பாறைக்குள் ஒருமுறை குடைந்த வழியை மாற்றுவது அரிது. ஆகவே நிலத்தடியில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவும், அது நகர மெட்ரோவாயினும் மலை நீர்வழியாயினும், பிறவாத தலைமுறைகளையும் பயனாளிகளாகக் கணக்கிட்டு எடுக்கப்படவேண்டும்.